சனிக்கிழமை விஞ்ஞான வகுப்பு விண்ணப்பம் போகுதில்லை, அவசரம்

சாம்பல்தீவான் · செவ்வாய் இரவு 8.14
வணக்கம். அக்காவின் மகளுக்கு அந்தச் சனிக்கிழமை விஞ்ஞான வகுப்புக்கு விண்ணப்பம் போடுகிறோம். எல்லாம் நிரப்பியாயிற்று, கடைசியில் அனுப்பு என்று அழுத்தினால் போகுதில்லை. நாளை இரவோடு மூடிவிடுவார்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

உவர்மலை அக்கா · 8.21
எந்த வகுப்பு தம்பி? பிள்ளை எத்தனையாம் தரம்? போனிலா, கம்பியூட்டரிலா? அழுத்தியதும் சிவப்பில் ஏதாவது எழுத்து வருகிறதா, சும்மா நிற்கிறதா? இதெல்லாம் சொன்னால்தான் ஏதாவது சொல்லலாம்.

கொட்டியாரம் · 8.26
நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்துகிற சனிக்கிழமை வகுப்பையா கேட்கிறீர்கள்? அதுவென்றால் வீணாக மினக்கெட வேண்டாம். வளாகத்திலிருந்து 75 மைலுக்குள் குடியிருக்கும் 10, 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் அது. சனிக்கிழமை நேரில் போய் இருக்கவேண்டும். சொந்தக்காரப் பிள்ளை ஒன்று நியூ ஜெர்சியிலிருந்து போய்வந்ததால் தெரியும். திருகோணமலை முகவரியை ஏற்க மாட்டார்கள்.

கிண்ணியா நானா · 8.33
எனக்கென்னவோ அடையாள அட்டை இலக்கத்தில்தான் சந்தேகம். தாயின் அட்டை பழையதா? பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும், புதியதில் 12 இலக்கம். சில போர்ம்கள் 12 இல்லாவிட்டால் விடாது. மகனுக்கு வேறொரு விண்ணப்பம் போட்டபோது இதிலேயே அரை நாள் போனது.

சாம்பல்தீவான் · 8.47
கொலம்பியா இல்லை அண்ணா, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நடப்பது. பள்ளிக்கூடத்தில் கடிதம் வந்தது. போனில்தான் செய்கிறோம். அக்காவுக்குப் புது அட்டை. இன்னும் போகவில்லை.

உவர்மலை அக்கா · 8.50
தரம்? அந்தச் சிவப்பு எழுத்து?

திருமலைக் கணினி · 8.58
இங்கே எத்தனை தரம் சொன்னாலும் ஒருவரும் கேட்பதில்லை. கட்டுரையைத் தட்டச்சுச் செய்கிற கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துப் பாமினியில் அடித்திருப்பீர்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் பூசிய எழுத்துரு. அதை எடுத்து இணையப் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் விழும். முதலில் யுனிகோட்டுக்கு, அதாவது எல்லாக் கருவியும் தமிழாகவே வாசிக்கிற பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் கடைசி நாளில் ஓடிவந்தால் யார் என்ன செய்யலாம்? பழைய பதிவுகளைத் தேடி வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கப் பழகுங்கள்.

உவர்மலை அக்கா · 9.03
சேர், பிள்ளை அழுகிறாள் என்று எழுதியிருக்கிறார். இந்த நேரத்தில் இப்படிப் பேசத்தான் வேண்டுமா?

சாம்பல்தீவான் · 9.10
பாமினி இல்லை சேர். பிள்ளை தன் கையால் போனில் தட்டியது, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. தரம் 10, தமிழ் மொழிமூலம். கட்டுரைப் பெட்டிக்குக் கீழே ‘2000 எழுத்துகளுக்கு மேற்படக்கூடாது’ என்று வருகிறது. ஆனால் அக்கா கொப்பியில் வைத்து எண்ணிப் பார்த்தார், 1400 சொச்சம்தான். அதனால் காரணம் வேறு.

தம்பலகாமத்தான் · 9.19
தம்பி, காரணம் அதேதான். அக்கா எண்ணியதும் சரி, போர்ம் எண்ணியதும் சரி.

‘காந்தம்’ என்பதை நாம் நான்கு எழுத்தாக எண்ணுவோம். யுனிகோட்டில் அது ஏழு: க, கால், ந, புள்ளி, த, ம, புள்ளி. மெய்க்கு மேலிருக்கும் புள்ளியும், உயிர்மெய்யில் வரும் கால், கொம்பு, விசிறி எல்லாமும் தனித்தனியே கணக்கில் ஏறும். அகரம் ஏறிய எழுத்துதான் ஒன்றாக நிற்கும். சொல்லுக்குச் சொல் விடுகிற இடைவெளியும் ஒன்று. 1400 எழுத்துக் கட்டுரை இப்படி எண்ணினால் 2400 அளவுக்குப் போகும். போர்மை அமைத்தவர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து 2000 என்று போட்டிருப்பார்கள். தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு அதில் முக்கால் பங்கு இடம்கூடக் கிடைக்காது. இது சின்ன விஷயமில்லை, விண்ணப்பம் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்தின் மூலம் அவர்களுக்கு எழுதிப்போடுங்கள்.

இப்போதைக்கு: கட்டுரையைக் கூகுள் டொக்ஸில் ஒட்டுங்கள். சொல் எண்ணிக்கையைத் திறந்தால் எழுத்துக் கணக்கும் அங்கேயே காட்டும். இடைவெளியோடு சேர்த்து 1900க்குக் குறைத்து மறுபடி போடுங்கள். அதற்கும் விடாவிட்டால் தளம் பைட்டாக, அதாவது கணினியின் சேமிப்பு அலகாக, எண்ணுகிறது என்று அர்த்தம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும், அப்போது 650 குறிக்குள் அடக்கவேண்டிவரும். அது கடைசி வழி, இப்போதே வெட்டித் தள்ளாதீர்கள்.

கொட்டியாரம் · 9.27
இவ்வளவு பாடுபடுவதை விட ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் முடிந்தது. 2000க்குள் தாராளமாக அடங்கும், தெரிவு செய்கிறவர்களும் ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள்.

கிண்ணியா நானா · 9.31
அப்படிச் சொல்லாதீர்கள். மூன்று மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தால் மூன்றும் ஒன்றுதான். தரம் 10 பிள்ளை ராவோடு ராவாக ஆங்கிலத்துக்கு மாற்றினால் அது அவளுடைய எழுத்தாக இராது, மாமாவின் எழுத்தாகத்தான் இருக்கும்.

கொட்டியாரம் · 9.36
வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில்தானே நானா? ஏ.எல் முடித்துப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை முதல் வருடம் ஆங்கிலத்தோடு படுகிற பாட்டை நான் வீட்டிலேயே பார்த்தவன். இப்போதே பழகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

உவர்மலை அக்கா · 9.40
பழகட்டும், அது நல்லதுதான். ஆனால் நாளை இரவுக்குள் பழக முடியாது. இந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, கட்டுரை எதைப் பற்றி? எதை வெட்டலாம் என்று பார்ப்போம்.

சாம்பல்தீவான் · 9.52
‘உங்கள் ஊரில் நீங்களே அவதானித்த ஒரு விஞ்ஞான விடயம்’ என்று கேட்டிருக்கிறார்கள். முதல் பந்தி: ‘இன்றைய நவீன உலகில் விஞ்ஞானம் மனித வாழ்வின் ஒவ்வொரு துறையிலும் இன்றியமையாத பங்கை வகிக்கின்றது...’ இப்படி எட்டு வரி. பிறகு எங்கள் பக்கத்துப் புல்மோட்டையின் கறுப்புக் கனிம மணல் எங்கெல்லாம் ஏற்றுமதியாகிறது என்று ஒரு பந்தி. மூன்றாவது இது:

‘குச்சவெளிக் கடற்கரையில் அலை வந்து போன இடத்தில் கறுப்புக் கோடு போல மணல் கிடந்தது. பழைய கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து மாமா கழற்றித் தந்த காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அதன் மேல் பிடித்தேன். கறுப்பு மணிகள் ஏறிக்கொண்டன, வெள்ளை மணிகள் ஏறவில்லை. காந்தத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தவுடன் எல்லாம் காகிதத்தில் விழுந்தன. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தால் செய்தபோது சில மணிகள்தான் ஏறின.’

உவர்மலை அக்கா · 9.58
மூன்றாவது பந்தியில் ஒரு எழுத்தைத் தொடாதீர்கள்! முதல் பந்தியை முழுதாக எடுங்கள். அந்த எட்டு வரியை இலங்கையில் எந்தப் பிள்ளையும் எழுதலாம். பையில் காந்தத்தைச் சுற்றியதை இவள் மட்டும்தான் எழுதலாம்.

திருமலைக் கணினி · 10.06
அவசரப்பட்டுப் பாராட்டாதீர்கள். புல்மோட்டை மணலில் இருப்பது இல்மனைட். அது இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. பிள்ளை தவறாக எழுதியிருக்கிறாள், தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

தம்பலகாமத்தான் · 10.15
சேர், இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். காந்தத்தன்மை குறைவு, இல்லாமலில்லை. சாதாரணக் காந்தத்துக்கு அசையாது, ஹார்ட் டிஸ்கில் இருக்கிற நியோடிமியக் காந்தத்துக்கு ஏறும். கனிம மணலைப் பிரிக்கிற ஆலைகளில் இல்மனைட்டை, அதே மணலில் கலந்திருக்கும் வேறு கனிமங்களான ரூட்டைலிலிருந்தும் சிர்க்கோனிலிருந்தும் வேறாக்குவதே பலமான காந்தத்தால்தான். குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தில் ஏறிய அந்தச் சில மணிகள் மக்னரைட் என்ற இரும்புக் கனிமமாக இருக்கலாம், அது நன்றாகவே ஒட்டும். பிள்ளை இரண்டு காந்தத்தையும் வைத்துப் பார்த்து வித்தியாசத்தை எழுதியிருக்கிறாளே, அதைக் கவனித்தீர்களா? இதைத்தான் தேர்வு செய்கிறவர்கள் தேடுவார்கள்.

திருமலைக் கணினி · 10.22
பலவீனமான காந்தத்தன்மை என்று நானும் அறிவேன். ‘ஒட்டாது’ என்றது சாதாரணக் காந்தத்தை மனதில் வைத்து.

கிண்ணியா நானா · 10.25
இன்னொன்றும் சேர்க்கலாம், இடமிருந்தால். அந்தக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கிற டைட்டேனியம் டைஒக்சைட்தான் வெள்ளைப் பெயின்டுக்கு நிறம் கொடுப்பது. ஏற்றுமதிப் பந்திக்குப் பதிலாக இந்த ஒரு வரி போதும்.

உவர்மலை அக்கா · 10.29
அதை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் கட்டுரையில் வேண்டாம் நானா. அவதானித்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதைவிட, வெயிலில் காய்ந்த மணலிலும் ஈர மணலிலும் செய்து பார்த்தாளா என்று கேளுங்கள் தம்பி. ஈரத்தில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், வெள்ளை மணியும் சேர்ந்து ஏறிவிடும். பார்த்திருந்தால் அதை எழுதட்டும்.

கொட்டியாரம் · புதன் காலை 7.05
என்ன ஆயிற்று தம்பி? போனதா?

கிண்ணியா நானா · புதன் பிற்பகல் 1.40
ஆளைக் காணவில்லை. கடைசி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக ஏறுவார்கள், தளம் இழுபடும். மாலைக்கு முன் போட்டுவிடச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவான் · புதன் இரவு 7.32
போய்விட்டது. முதல் இரண்டு பந்தியையும் அவளே எடுத்தாள், 1870க்கு வந்தது. ஈர மணலையும் இன்று பின்னேரம் வாளியில் வைத்துப் பார்த்து இரண்டு வரி சேர்த்தாள். விண்ணப்ப இலக்கம் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பெரிய நன்றி.

தம்பலகாமத்தான் · புதன் இரவு 7.50
நல்ல செய்தி. அந்த இலக்கம் தெரிகிற திரையைப் படமெடுத்து வையுங்கள், ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் கொடுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் ரூட்டைலும் சிர்க்கோனும் ஏன் காந்தத்துக்கு ஏறவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். இரண்டிலும் இரும்பு சேர்மானமாக இல்லை, அங்கிருந்து தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். காந்தத்தையும் ஒரு சின்னப் பொட்டலம் மணலையும் கையோடு கொண்டுபோகட்டும்.