1600 பீட்டில் எஞ்சின்: 85.5-இலேயே நிற்கலாமா, 90.5-க்குப் போகலாமா?

வணக்கம் நண்பர்களே. 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1600 எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துவிட்டேன். உதிரிபாகம் வாங்கும் முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்து வேண்டும்.

முதல் குழப்பம் சிலிண்டர். அசல் உள்விட்டம் 85.5 மி.மீ., அதாவது 1584 சி.சி. 87 மி.மீ. சிலிண்டரை, கேஸைக் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் எஞ்சின் உடற்கூட்டை) கடையாமலே பொருத்தலாம், 1641 சி.சி. கிடைக்கும். ஆனால் சுவர் மெலிந்துவிடுகிறது. காற்றில் குளிரும் எஞ்சினில் மெல்லிய சுவர் சூட்டில் வடிவம் மாறுமே என்ற பயம் எனக்கு உண்டு. 90.5-இல் சுவர் தடிமன் போதும், 1776 சி.சி.யும் வரும், ஆனால் கேஸையும் ஹெட்டையும் (சிலிண்டரின் மூடியையும்) கடைய வேண்டும். பந்தய ஆசை இல்லை. நெடுந்தூரம் நிதானமாக ஓடினால் போதும், ஒற்றைக் கார்புரேட்டரும் அப்படியே இருக்கும்.

அடுத்தது கேஸ். மெயின் பேரிங் இருக்கை (கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகள் உட்காரும் இடம்) ஏற்கெனவே 0.5 மி.மீ. கூடுதலாகக் கடையப்பட்டிருக்கிறது. மெக்னீசியக் கலவை, மறுபடி கடைந்தால் தாங்குமா? எடை கூடினாலும் புதிய அலுமினியக் கேஸ் நல்லதா?

முன்பு வைத்திருந்தவர் பழைய மாடல் விசிறி உறையை மாட்டியிருக்கிறார் (ஏனென்று அவருக்கே வெளிச்சம்). அதில் ஆயில் கூலர் உறைக்குள்ளேயே, குளிர்காற்றின் வழியில் நிற்பதால் மூன்றாம் சிலிண்டருக்குச் சூடான காற்றுதான் போகிறது. கூலர் தனியே அமைந்த உறைக்கு மாறுவது உறுதி. அதற்குரிய, காற்றை வழிநடத்தும் தகடுகளில் எதைத் தவறவிடக் கூடாது?

90.5-ஐ நீண்ட காலம் ஓட்டியவர்கள் ஹெட் சூடு எப்படி இருந்தது என்று சொன்னால் பேருதவி.