மறு: ‘கார்டு டயகிராம்’ தமிழில்: நாண்படமா, பிடிப்படமா?

> ‘நாண்படம்’ என்றே வைத்துவிடலாம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே.

வணக்கம் நண்பர்களே,

கிட்டாரில் ஒரு ‘கார்டு’க்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களுக்கு, எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டும் சின்னப் படம்தான் ‘கார்டு டயகிராம்’. அதை ‘நாண்படம்’ என்பதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். வட்டத்தில் வரும் நாணுக்கும் ஆங்கிலத்தில் ‘கார்டு’தான்; அது கயிறு என்று பொருள்படும் லத்தீன் ‘கோர்டா’வின் வழி வந்தது. வில்லின் நாண் போலவே இருப்பதால் தமிழில் ‘நாண்’ என்று கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கிட்டாரில் வருவது வேறு வீட்டுப் பிள்ளை. ஒத்துப்போதல் என்ற பொருளுள்ள ‘அக்கார்டு’ தேய்ந்து உண்டானது. எழுத்துக்கூட்டு மட்டும் பிற்பாடு கணக்குச் சொல்லைப் பார்த்து மாறிவிட்டது. அங்கே நடந்த குழப்பத்தை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? அதோடு, ஆறு தந்தி உள்ள கருவியில் ‘நாண்’ என்றால் புதிதாய்ப் படிப்பவர் தந்தியைத்தான் நினைப்பார். ‘கார்டு’ என்றே விட்டாலோ ரேஷன் கார்டு நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை ‘பிடிப்படம்’. வகுப்பில் “சி மேஜர் பிடி” என்றுதானே சொல்கிறார்கள். அந்தப் படம் காட்டுவதும் பிடியை மட்டும்தான். எந்தச் சுரம் ஒலிக்கும் என்று அது சொல்லாது. எந்த விரல் எங்கே என்பதைத்தான் சொல்லும். ஒரே சி மேஜரைத் தடித்த தந்தியிலிருந்து × 3 2 0 1 0 என்றும் பிடிக்கலாம், × 3 5 5 5 3 என்றும் பிடிக்கலாம் (எண், அந்தத் தந்தியில் எத்தனையாவது இடைவெளியில் விரல் வைப்பது என்பது; 0 என்றால் விரல் படாத தந்தி, × என்றால் ஒலிக்காத தந்தி). ஒலியின் பெயர் ஒன்று, பிடிகள் பல. ஒலிக்குத் தமிழில் என்ன பெயர் என்பது தனிச் சண்டை, அதை இன்று எடுக்கவில்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். படத்தை முதன்முதலில் பார்த்தபோது இடக்கோடியில் இருக்கும் கோடு முதல் தந்தி என்று எடுத்துக்கொண்டேன். எதையும் இடமிருந்து வலமாக எண்ணித்தானே பழக்கம்! உண்மையில் அது ஆறாம் தந்தி, இருப்பதிலேயே தடித்தது. கிட்டாரை எதிரே நிமிர்த்தி வைத்துப் பார்ப்பதுபோல் வரைந்த படம் அது. மடியில் வைத்து வாசிக்கும்போது அதே தந்தி முகத்துக்குப் பக்கத்தில், மேலே வந்துவிடுகிறது. சி மேஜரை இடவலம் மாற்றிப் பிடித்து இரண்டு நாள் மீட்டினேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள்.

ஆகவே படத்தின் பெயரோடு நிறுத்தாமல் உறுப்புகளுக்கும் சொல் தேவை. வீணைக்காரர்களிடம் பாதி கிடைக்கிறது. உச்சியில் இருக்கும் தடித்த கோடு ‘மேரு’. குறுக்கே போகும் கம்பி, ஆங்கிலத்தில் ‘ஃப்ரெட்’, ‘மெட்டு’. ஆனால் ஒரு சிக்கல்: கிட்டார் வகுப்பில் ‘மூன்றாம் ஃப்ரெட்’ என்றால் கம்பியை அல்ல, அதற்கு முந்தைய இடைவெளியைக் குறிக்கிறார்கள். ‘மூன்றாம் மெட்டில் விரலை வை’ என்று எழுதினால் கம்பியின் மேலேயே வைத்துவிடுவார்கள், ஒலி மங்கிப்போகும். இடைவெளியைக் ‘கட்டம்’ என்போம். ‘மூன்றாம் கட்டத்தில், மெட்டை ஒட்டி விரலை வை’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

தந்தியின் தலைக்கு மேல் வட்டமிட்டிருந்தால் விரல் படாமல் அப்படியே மீட்ட வேண்டும்: ‘வெறுந்தந்தி’. பெருக்கல் குறி இருந்தால் அது ஒலிக்கவே கூடாது. இதற்கு ‘விடுதந்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘விட்டுவிடு’ என்றும் படிக்கலாம், ‘திறந்து விடு’ என்றும் படிக்கலாம், நேரெதிர்ப் பொருள். ‘ஒலியாத் தந்தி’ என்பது என் விருப்பம்.

> ராகத்தின் பிடி என்று கர்நாடக சங்கீதத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறதே ஐயா. ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சுரத்தொடர் அது. குழம்பாதா?

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் அங்கே பிடி காதுக்கு, இங்கே கைக்கு. தோசைக்கரண்டிக்கும் பிடி உண்டு, மல்யுத்தத்திலும் பிடி உண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்கிறவர்கள்தானே நாம். ‘பிடிப்படம்’ என்று சேர்த்து எழுதும்போது ராகம் நினைவுக்கு வர வழியில்லை.

> சுட்டுவிரலைப் படுக்கப்போட்டு ஆறு தந்தியையும் அமுக்குவதற்கு?

‘கிடைப்பிடி’. எஃப் மேஜர், 1 3 3 2 1 1. படத்தில் வளைகோடாகவோ தடித்த பட்டையாகவோ வரும். கிடை என்றதும் ஆட்டுக்கிடை நினைவுக்கு வரும் ஊர்க்காரன்தான் நானும். பரவாயில்லை, கிடைமட்டம் எல்லாருக்கும் தெரியும்.

விரல் எண்ணையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். சுட்டுவிரல் 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. பியானோ பழகியவர் கட்டைவிரலை 1 என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரு விரல் தள்ளி வைத்துவிடுவார்.

நேற்று இந்தச் சொற்களை வைத்து ஒரு பக்கம் எழுதி அக்கா மகனிடம் கொடுத்தேன். பதினொரு வயது, கிட்டார் வந்து ஒரு மாதம் ஆகிறது. மேரு, கட்டம், வெறுந்தந்தி எல்லாம் தடையில்லாமல் படித்தான். ஒரு படத்தின் ஓரத்தில் 5 என்று இருந்த இடத்தில் மட்டும் நின்றுவிட்டான். “மாமா, அஞ்சாவது விரல் எது?”

அது விரல் எண் அல்ல. படம் ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதற்கான குறி. அதனால்தான் அங்கே மேருவின் தடித்த கோடும் இல்லை. இதற்கு நம் பட்டியலில் சொல்லே இல்லை. ‘தொடக்கக் கட்டம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.