பழைய கான்கிரீட் வளைவுப் பாலத்துக்கு அடியில் நின்றிருக்கிறீர்களா?

அப்படி ஒரு பாலத்தின் மேலே எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அடியில் இறங்கியது ஆய்வு வேலைக்காகத்தான். சுத்தியலால் தட்டிப் பார்க்கிற ஆள் நான். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்னும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்பகுதி பிரிந்திருந்தால் ‘டொப்’பென்று கேட்கும். வளைவின் வயிறு முழுக்க, கான்கிரீட் வார்க்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகைகளின் வரி. ஓரிடத்தில் மரத்தின் கணு வட்டமாக, ரேகையோடு அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பலகை எப்போதோ விறகாகிப் போயிருக்கும். தட்டுவதை விட்டுவிட்டு அதைத் தடவிக்கொண்டு நின்றதற்குத் திட்டும் வாங்கினேன்.

இன்னொன்று. கைப்பிடிச் சுவர் நடுவில் லேசாகத் தொங்கியிருந்தது. கட்டும்போதே கோட்டை விட்டுவிட்டார்களோ?

* * *

கைப்பிடிச் சுவர் தொங்குவதாக எழுதியவருக்கு: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் ஒரு பாலத்தில் லெவல் எடுத்தபோது, அதாவது உயரம் அளந்தபோது, வரைபடத்தைவிட நடுப்பகுதி இறங்கியிருந்தது. ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்த பையனைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம். மூன்று முறை எடுத்தும் அதே அளவு.

பாரம் ஏறிய கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃப்ரேஸினே. அலியே நதியில் லெ வேர்த்ரு பாலத்தை, தலா சுமார் 70 மீட்டர் நீளும் மூன்று தட்டையான வளைவுகளாகக் கட்டினார். திறந்து சில மாதங்களில் உச்சிகள் இறங்க ஆரம்பித்தன. நல்லவேளை, உச்சியில் ஜாக்கி வைக்க இடம் விட்டிருந்தார். சில ஆட்களோடு இரவில் போய், வளைவின் இரு பாதிகளையும் ஜாக்கியால் விலக்கித் தள்ள, பாலம் மேலே எழும்பியது. அப்புறம் உச்சியில் இரு பாதிகளும் சேருமிடத்தில் இருந்த, அசையக்கூடிய கீலையே கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார். 1944-ல் போரில் அந்தப் பாலம் தகர்ந்தது. அதே பாணியில் அவர் கட்டிய பூத்திரோன் பாலம் விஷி நகருக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

ஆனால் வளைவின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் கரைத் தாங்கிகள் விலகினாலும் வளைவு இப்படித்தான் தொங்கும். அதை முதலில் பாருங்கள்.

* * *

முதலில் எழுதியவர் சென்ட்ரிங் என்றதும் எனக்கு ஸ்விட்சர்லாந்தின் சால்கினாடோபல் பாலம் ஞாபகம் வந்துவிட்டது. ராபர்ட் மையார் கட்டியது, 1930, ஒரே வளைவில் தாண்டுவது 90 மீட்டர். சரிவில் இறங்கிக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபோது, எனக்குப் பாலத்தைவிட அதற்குச் சாரம் கட்டிய ரிச்சர்ட் கொராய்தான் பெரிய ஆளாகத் தெரிந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் அத்தனையும் மரம்! மையாரும் கெட்டிக்காரர்தான். முதலில் மெல்லிய வளைவை மட்டும் வார்த்து, மீதிப் பாரத்தை அதன் மேலேயே ஏற்றினார். அதனால் சாரம் லேசாக இருந்தாலே போதுமானது.

* * *

சரி, கேள்வி கேட்ட நான்தான் எழுதுகிறேன்; அடுத்த வாரம் மறுபடி போகிறோம். தாங்கிகளில் விரிசல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அந்தக் கணுவையும் ஒரு படம் எடுக்க வேண்டும், திட்டு விழுவதற்குள்.