சிறுகுறிஞ்சான் பொடி: "இது சர்க்கரைத் தண்ணியே இல்லடா"

வைகைக்கரை:
சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் மூலிகை சாப்பிட்ட அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டது நான் இல்லை, அம்மா. வயது 68. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று சர்க்கரை மாத்திரை இரண்டும் உண்டு. கோயிலில் யாரோ சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி வந்து, எங்களிடம் சொல்லாமலே மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கிளிமிபிரைடு போட்டாயிற்று, இன்னும் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், ஜாக்கெட் முதுகெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 52, ரொம்பத் தாழ்வு. ஓடிப்போய் அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்தார், அவ்வளவுதான், டம்ளரைத் தள்ளிவிட்டார். "என்னடா, வெறும் தண்ணியக் குடுக்குற? இது சர்க்கரைத் தண்ணியே இல்லடா."

நான் குடித்துப் பார்த்தேன். பாகு மாதிரி இனிக்கிறது. டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை வெள்ளையாகக் கிடக்கிறது, அதைக் காட்டுகிறேன். அம்மா என் முகத்தையே பார்க்கிறார், நான் ஏமாற்றுகிறேன் என்பது போல. மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. கடைசியில் "மருந்தும்மா, கண்ண மூடிக் குடி" என்று கெஞ்சித்தான் குடிக்க வைத்தேன். கால் மணி கழித்து 78. இன்னொரு டம்ளர் கொடுத்து, அப்புறம் இட்லி. தலையணைக்குப் பக்கத்தில் பச்சைப் பொடி டப்பாவைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்தது. பத்து நிமிடம் முன்னால் பொடியை அப்படியே நாக்கில் போட்டு மென்றிருக்கிறார்.

அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

பொதிகை அடிவாரம்:
தம்பி, படிக்கும்போதே பதறுகிறது. ஆனால் செடியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வேலியில் கொடியாகப் படர்ந்து கிடக்கும். சின்ன வயதில் தாத்தா ரெண்டு இலையைப் பறித்து மெல்லச் சொல்லி, அதன்மேல் ஒரு பிடி சீனியை வாயில் போட்டார். ஆற்று மணலை மென்ற மாதிரி இருந்தது. நறநறவென்று இருக்கிறது, இனிப்பு மட்டும் இல்லை. சர்க்கரைக்கொல்லி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

நான் ஒரு வருடமாக எடுக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 இருந்தது 7.2 ஆகியிருக்கிறது. ராத்திரி சோற்றை நிறுத்தினேன், காலையில் நடக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பொடியால் கிடைத்த பெரிய லாபம், சாயங்காலம் டீயோடு மைசூர்பாகு கேட்கும் நாக்கு அடங்கியதுதான். இனிக்காத பண்டத்தை எவன் இரண்டாம் துண்டு எடுப்பான்? அம்மாவுக்கு மாத்திரையும் சேர்ந்ததுதான் தப்பு.

கீழவீதி:
பொதிகை அண்ணா, "மாத்திரையும் சேர்ந்ததுதான் தப்பு" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் என் அப்பா மாத்திரையை மொத்தமாக நிறுத்தினார். பொடி மட்டும், நாலு மாதம். டெஸ்டும் எடுக்கவில்லை.

ஒரு நாள் திண்ணையிலிருந்து அடுப்படி வரை சொட்டுச் சொட்டாக ரத்தம். அம்மா தனக்குத்தான் காலில் ஏதோ கிழித்துவிட்டது என்று பார்க்கிறார், ஒன்றும் இல்லை. அப்பா சாவகாசமாக உட்கார்ந்து காபி குடிக்கிறார். காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலில் கருவேல முள் முழுசாக இறங்கியிருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துப்போய், அவருக்குத் தெரியவே இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 290. புண் ஆற மூன்று மாதம் பிடித்தது.

உங்களுக்கு 7.2 வந்தது நடையாலும் சோற்றைக் குறைத்ததாலும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் இலையின் கணக்கில் எழுதுகிறீர்கள்?

மாடித்தோட்டம்:
இலையா, பொடியா, கேப்சூலா, எது நல்லது? யாரும் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற செவிலி:
என் அனுபவம் சின்னது. வார்டில் ஒரு அம்மாள் தலையணை உறைக்குள் இந்தப் பொடிப் பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்தார். சர்க்கரை ஏன் தாழ்கிறது என்று தெரியாமல் டாக்டர் மூன்று நாள் மாத்திரை அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். விரிப்பு மாற்றும்போது பொட்டலம் என் கையில் விழுந்தது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இலையில் இருக்கும் ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்ளும். அரை மணி, சிலருக்கு ஒரு மணி வரை இனிப்பு தெரியாது. ஆனால் சர்க்கரை சர்க்கரைதான். உள்ளே போனால் ரத்தத்தில் ஏறும். வைகைக்கரை தம்பி, நீங்கள் செய்தது சரி. 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், மெதுவாகத்தான் ஏற்றும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், 108ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படித் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது.

1990இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பலரும் காட்டுவார்கள். சர்க்கரை நோயுள்ள 22 பேருக்குத் தினம் 400 மில்லிகிராம் இலைச்சத்து, 18 முதல் 20 மாதம். அவர்களில் 5 பேர் மாத்திரையை விட முடிந்தது. நல்ல செய்திதான், ஆனால் 22 பேர் ரொம்பச் சின்னக் கூட்டம். அவர்களுக்கும் மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், கண்காணிப்போடுதான் குறைத்தார்கள். கீழவீதித் தங்கையின் அப்பாவுக்கு நடந்தது அது இல்லை. மாடித்தோட்டம், கேப்சூல் நாக்கில் படாது, அதனால் இனிப்பு மரத்துப்போகாது. எதுவானாலும் டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டு எடுங்கள்.

பொதிகை அடிவாரம்:
கீழவீதி, அப்பாவின் கால் விஷயம் மனதைப் பிசைகிறது. மாத்திரையை விடச் சொல்லி நான் எழுதவில்லை அம்மா, நானும் மெட்ஃபார்மின் போடுகிறவன்தான். எழுதிய விதம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் டப்பாவோடு போனோம். பொடியை நிறுத்தச் சொன்னார், கிளிமிபிரைடையும் பாதியாக்கினார். கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்து, அதன்மேல் பெரிய எழுத்தில் "இனிக்காவிட்டாலும் குடிக்கவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொல்கிறார், "எல்லாம் சரிதான். ஆனா அன்னிக்கு நீ வெறும் தண்ணிதான் குடுத்த."