புதுப்பிப்பு: மேற்பார்வையாளர் கிடைத்துவிட்டார்

உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு மையத்தில் தனியாக ஆலோசனை தருகிறேன், வழிகாட்ட யாருமில்லை, இது சரியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரியில்லை என்றீர்கள். விலகிவிட்டேன்.

இப்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மூத்த மருத்துவ உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் ஆலோசனை தருகிறேன்; வாரம் ஒரு மணி நேரம் அவரிடம் வழிகாட்டுதல். ஆலோசனைக்கு வந்தவரின் ஒப்புதல் வாங்கி, பெயர் ஊர் நீக்கி, ஓர் அமர்வை வரிக்கு வரி எழுதி வரச் சொன்னார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை வைத்தார். "அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சதும் நீ ஏம்மா தூக்கத்தைப் பத்திக் கேட்டே?"

அந்த அழுகையை என்னால்தான் தாங்க முடியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்புறம், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் பழக்குகிறார். அரசின் மனநல உதவி அழைப்பு சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ இப்போது வருகிற எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.