மென்மரமா, ஊசியிலை மரமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் மரத்தையும், அதன்மேல் அமெரிக்கா போடும் வரியால் இரு நாடுகளுக்கும் நடக்கும் சண்டையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வுட் என்பதற்கு அகராதியில் உள்ளபடி மென்மரம் என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்த நண்பர் கேட்ட முதல் கேள்வி: "மெத்தென்று இருக்கிற மரத்தை வைத்தா வீடு கட்டுகிறார்கள்?" கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

தவறு தமிழில் இல்லை, மூலச் சொல்லே அப்படித்தான். பால்சா மரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் குழி விழும். ஆனால் மர வகைப்பாட்டின் கணக்கில் அது வன்மரம் (ஹார்ட்வுட்). வில் செய்ய உதவிய யூ மரம் மென்மரம். 'முருங்கை பருத்தால் தூணாகுமா' என்று நாம் கேலி செய்கிறோமே, அந்த முருங்கைகூட இந்தப் பாகுபாட்டில் வன்மரப் பக்கம்தான்! பூத்துக் காய்க்கும் மரங்கள் ஒரு பக்கம், பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள் மறுபக்கம். உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சுங்க அட்டவணையும் மென்மை பற்றிப் பேசுவதில்லை. 4407 என்ற தலைப்பில் 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அறுத்த மரம் வருகிறது. அதற்குள் பைன் வகையறாவைத் தனியே பிரிக்கிறார்கள். அறுக்காத தடிகளுக்கு 4403 என்று வேறு தலைப்பு. இரு நாடுகளும் சண்டை போடுவது அறுத்த மரத்துக்காக. தமிழிலோ நிற்பதும் மரம், கிடப்பதும் மரம், பலகையானதும் மரம். வெறுமனே 'மர இறக்குமதி' என்று எழுதினால் எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் 'ஊசியிலை அறுமரம்' என்று வைக்கலாமா?

இன்னொரு சொல்லும் தேவை. 1982-இல் தொடங்கிய இந்தத் தகராறின் வேரே அதுதான். கனடாவில் காடு பெரும்பாலும் அரசு நிலம். காட்டில் நிற்கும் மரத்தை வெட்ட, ஆலைக்காரர்கள் மாகாண அரசுக்கு ஒரு தொகை கட்டுகிறார்கள். அந்தத் தொகை சந்தை விலையைவிடக் குறைவு, எனவே அது மறைமுக மானியம் என்பது அமெரிக்க ஆலைகளின் புகார். கனடா ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் தொகைக்கு 'நிலைமரக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

ஐயா,

மென்மரத்தைக் கைவிடலாம், சம்மதம். ஆனால் 'அறுமரம்' வேண்டாம். அறுசுவை, அறுமுகம் என்று பழகிய காதுக்கு அது ஆறு மரம். 'அறுவை மரம்' என்றால் இன்னும் மோசம், சிரிப்பார்கள். மரம் அறுப்பவர்கள் புழங்கும் 'அறுப்பு' என்ற சொல்லையே எடுத்து அறுப்புமரம் என்று வைத்துக்கொள்ளலாமே?

நிலைமரம் என்றதும் தச்சருக்கு வாசல் நிலைதான் நினைவுக்கு வரும். ஆலைக்காரர்கள் கட்டுவது மரத்துக்கான விலை மட்டும் இல்லை, வெட்டிக்கொள்ளும் உரிமைக்கும் சேர்த்துத்தான். 'வெட்டுரிமைக் கட்டணம்' நேராகப் புரியும்.

ஊசியிலையிலும் ஒரு சிக்கல் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலிருந்து வரும் சிவப்பு சீடர் மரமும் இந்த வரிக்குள் அடக்கம். அதன் இலை ஊசி அல்ல, செதில். விதைகளைக் கூம்பில் தாங்குவதால் கூம்புமரம் என்று சொன்னால் என்ன?

* * *

நன்றி ஐயா. அறுப்புமரம், வெட்டுரிமைக் கட்டணம் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆறு மரம் என் காதில் விழவே இல்லை!

கூம்பில் மட்டும் தயங்குகிறேன். ஊசியிலைக் காடு என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். கூம்புமரம் என்றால் கூம்பு வடிவ மரமோ என்று தோன்றும். செதில் இலைக்காரரும் ஊசியிலைக் கூட்டத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோமே?

அந்தச் சலுகையை மென்மரத்துக்கும் கொடு என்பீர்கள். சீடரின் இலை ஊசி என்று தவறாக நினைத்தால் கட்டுரைக்கு நட்டமில்லை. மரமே வலுவற்றது என்று நினைத்தால் கட்டுரையின் அடுத்த பத்தி புரியாது.

ஏனென்றால் அந்தப் பத்தி வீடுகளைப் பற்றியது. 2005-இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு வேலை தொடங்கினார்கள். 2009-இல் அது சுமார் 5.5 லட்சம். கனடிய மரத்தின் வரத்தும் கூடவே சரிந்தது. வரி மட்டுமே ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தது போல எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு பெருங்காடுகளை அழித்தது. கனடிய நிறுவனங்களே அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆலைகளை வாங்கின. 1990-களில் அமெரிக்கா பயன்படுத்திய ஊசியிலை அறுப்புமரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனடாவுடையது. 2024 வாக்கில் அது ஏறக்குறைய கால் பங்கானது.

வரி லேசான விஷயம் என்றும் சொல்லவில்லை. 2002-இல் 27 சதவீதம். 2006-இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தில், அமெரிக்கா வசூலித்த சுமார் 500 கோடி டாலரில் 400 கோடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் 2015 அக்டோபரில் முடிந்தது. 2017-இல் மறுபடி 20 சதவீதம் அளவில் வரி வந்தது. 2025-இல் அது 35-ஐத் தாண்டி, அக்டோபரில் இன்னொரு 10 சேர்ந்து 45-ஐத் தொட்டது.

அளவையிலும் ஒரு வேடிக்கை. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் சேர்ந்தால் ஒரு பலகை அடி. ஆனால் இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று விற்கும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். அறுத்த பிறகு காய்ந்தும் இழைத்தும் குறைந்தது போக மிச்சம் அவ்வளவு. பெயர் மட்டும் பழைய அளவில் நிற்கிறது. 'சட்டம்' என்றதும் நாடாளுமன்றச் சட்டம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது, வரிச் சண்டைக் கட்டுரை ஆயிற்றே. 'மரச்சட்டம்' என்று எழுதிவிடுகிறேன்.

கட்டுரையின் முதல் வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "கனடாவின் ஊசியிலை அறுப்புமரத்துக்கு அமெரிக்கா வரி போடத் தொடங்கியதற்குக் காரணம் மரம் அல்ல, அதன் வெட்டுரிமைக் கட்டணம்." இதைப் படித்து யாரும் மெத்தையை நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.