சக்கர நாற்காலியில் வருபவரைச் சவாரியில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: சக்கர நாற்காலியில் நடமாடும் என் தந்தை, கைத்தாங்கலாகப் பிடித்தால் ஓரிரு அடி எடுத்து வைப்பார். தீம் பார்க் சவாரிகளில் ஊழியர்களே அவரைத் தூக்கி உட்கார வைப்பார்களா?

பதில்: பல பூங்காக்களில் ஊழியர்கள் தூக்கிவிட அனுமதியில்லை என்பதால், இருக்கைக்கு மாற்றிவிட உடன் வருபவர்தான் வேண்டும். இரண்டு பிரேக்குகளையும் போட்டு, கால்தாங்கியை மடக்கிவிட்டு, மேடைக்கும் சவாரிப் பெட்டிக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பார்த்துக்கொண்ட பிறகே அவரை எழுப்புங்கள்.

பதில்: நாற்காலியோடே ஏறக்கூடியவையும் உண்டு. டிஸ்னிலேண்டின் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ சவாரியில் அதற்கென்றே படகு இருக்கிறது.

பதில்: ஏறுவதைவிட இறங்குவதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். சவாரி நடுவழியில் நின்றுவிட்டால் குறுகலான படிக்கட்டு வழியாக இறங்க நேரலாம் என்பதால்தான் ரோலர் கோஸ்டர்களில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. அதைப் பாகுபாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விவரத்தை நுழைவாயிலிலேயே சொல்லாமல், வரிசையில் காக்கவைத்துத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.